பட்டாளத்துக்கு விளைந்த கீரை

எங்கள் ஊரில் கடுகு தாளிப்பதற்கு உரிய பொருள். அஞ்சறைப் பெட்டியில் ஒரு கிண்ணத்துக்கு மேல் அதற்கு எவரும் இடம் கொடுத்ததில்லை. அந்தக் கடுகுக்காக, ரெட்டியார்சத்திரத்துக்கு அப்பால் கிணறு பாயும் எங்கள் செவல் நிலத்தை ஒரு விதைப்புப் பட்டம் முழுவதும் ஒதுக்கிவைத்தோம். எங்களைப் பார்த்து ஊரே தன் நிலத்தையும் ஒதுக்கியது. அதைத் தின்னக் காத்திருந்தது ஒரு பட்டாளம்.

சீனத்துப் போர் முடிந்த பின் நாடெங்கும் படை பெருகிற்று. அந்தப் பெருக்கின் ஒரு துளி எங்கள் சமவெளியிலும் விழுந்தது. திண்டுக்கல்லுக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே, ஆடு மேய்ந்துகொண்டிருந்த பொட்டலில், ஒரே வாரத்தில் கூடாரங்கள் வரிசை வரிசையாய் எழுந்தன. வந்தவர்கள் வடநாட்டார், கோதுமை தின்பவர்கள், நெடிய உருவினர், நம் வெயிலைப் பழித்துக்கொண்டே அதில் ஓடிப் பயின்றவர்கள். முகாம் தற்காலிகமானது என்றுதான் முதலில் சொன்னார்கள். மூன்றாம் ஆண்டும் அது கலையாதிருந்தபோது, ‘தற்காலிகம்’ என்ற சொல்லை ஊர் மறந்துவிட்டது.

திண்டுக்கல் நகரம் அந்த ஆண்டுகளில் கொழுத்ததை நான் கண்ணாரக் கண்டேன். சிப்பாய் ஒவ்வொருவனிடமும் ஒரு தகரப் பெட்டி இருந்தது; பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டு வேண்டியிருந்தது. பூட்டுக் கடைகளின் உலைகள் அணையவில்லை. தோல் ஷாப்புகளில் பூட்சுக்கான தோல் இரவும் பகலும் பதமாயிற்று. காற்று திரும்பினால் அந்த நாற்றம் எங்கள் பேருந்து நிறுத்தம் வரை வரும். நாறுகிறதே என்று யாராவது முகம் சுளித்தால், அது காசு நாற்றம் என்று நடத்துநர் சொல்வார், வண்டியே சிரிக்கும். தையற்காரர், நாவிதர், வெளுப்பவர், பால்காரர், ரொட்டிக்காரர் என்று அந்தப் பொட்டலை நோக்கி விடியுமுன் ஓர் ஊர்வலம் நடக்கும். மலைக்கோட்டையில் பீரங்கி ஏற்றியிருந்த காலத்திலும் அதன் காலடியில் ஊர் இப்படித்தான் பிழைத்திருக்கும் என்று, வணிகர்கள் கூட்டிய ஒரு கூட்டத்தில் நான் பேசினேன். அப்போது நான் விடுதியில் தங்கிக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தேன். மதுரையில் நடந்த பேச்சுப் போட்டிகளில் என்னை வென்றவர் எவருமில்லை. இதை அடக்கத்துக்காக மறைப்பது பொய் சொல்வதாகும். அன்று என் சொல்லுக்கு விழுந்த கைத்தட்டலில், முன்வரிசைப் பூட்டுக் கடை முதலாளிகளின் மோதிரக் கைகளே ஓங்கி ஒலித்தன.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் எனக்கு அந்தச் செழிப்பு அச்சமூட்டியது. பரிசு வாங்கிய கோலத்தில் படம் எடுத்துக்கொள்ள நான் ஒரு ஸ்டுடியோவுக்குப் போவதுண்டு. அங்கே உட்கார இடமிராது. சிப்பாய்கள் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தபடி வரிசையில் நிற்பார்கள். படக்காரர் வாயாடி. ஒருநாள் அவர் என் காதருகே குனிந்து சொன்னார்:

“நம்மாளுக கல்யாணத்துக்குப் படம் எடுப்பாக, காலேஜ் முடிச்சா எடுப்பாக. இவுக எல்லாரும் தனியா நின்னு எடுக்குறாக, சட்டம் போட்டு மாட்டுற அளவுல கேக்குறாக. உசுரோட இருக்கவன் எவனாச்சும் இம்புட்டுப் பெரிசாக் கேப்பானா தம்பி? எனக்கென்ன, யாவாரம் நடக்குது.”

அந்தப் பெரிய படங்களை அவர் சன்னலில் சாய்த்து உலர்த்தியிருந்தார். தெருவைப் பார்த்து நின்ற அந்த முகங்களைக் கடந்துதான் நான் வீட்டுக்குப் பேருந்து ஏற வேண்டும்.

வீடு என்றால் என் அம்மா, அண்ணன், மதினி. அப்பா இறந்த பின் நிலத்தை அண்ணன் தாங்கினார். நிலம் என் படிப்பைத் தாங்கியது. முகாமுக்குக் காய்கறி கொடுக்கும் பொறுப்பு நகரத்து ஒப்பந்தக்காரர் ஒருவருடையது. கத்தரியும் வெங்காயமும் பூசணியுமாக அண்ணன் அவருக்கு வண்டி ஏற்றினார். நாளடைவில் ஒப்பந்தக்காரர் வாசலுக்கு வருவதை விட்டுவிட்டார். முகாமின் சமையல் ஹவில்தாரும், அவருக்காக நாலு இந்திச் சொல் கற்றுக்கொண்ட அண்ணனும் நேருக்கு நேர் பேசிக்கொண்டார்கள். ஹவில்தார் தடித்த மீசைக்காரர். மாவு படிந்த கையோடே வெளியே வருவார். வண்டியைச் சுற்றிப் பார்ப்பார், மறுநாளைக்கு எத்தனை மூட்டை என்பதை விரலால் காட்டுவார், அவ்வளவுதான் உத்தரவு. அந்த விரல்களை நம்பித்தான் எங்கள் கிணற்றில் மாடு நீரிறைக்கும் கவலையை இழுத்தது.

ஒரு ஐப்பசியில் அந்த ஹவில்தார் ஒரு சிறு துணி முடிச்சை அண்ணன் கையில் வைத்தார். ஊரிலிருந்து வரவழைத்த கடுகு. இதைக் கீரையாகப் போட்டுக் கொடு, என் பிள்ளைகள் ஏங்குகிறார்கள் என்றாராம். பிள்ளைகள் என்று அவர் சொன்னது சிப்பாய்களை. அண்ணன் விதைத்தார். செடி வந்தது. கடுகென்றால் மணிக்காக விளைவிப்பது என்றே கேட்டு வளர்ந்தவர் அண்ணன். பூ வரும்வரை பொறுத்திருந்து, மஞ்சள் மஞ்சளாய் வண்டி நிறைய வெட்டிக் கட்டி, மாப்பிள்ளை அழைப்புப் போல முகாம் வாசலுக்குக் கொண்டு போனார். ஹவில்தார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். ஒரு கொத்தை எடுத்து எங்கள் மயிலைக் காளையின் கொம்பில் செருகிவிட்டு, மற்றொரு தண்டை எடுத்து, பூக்கும் முன்னே கிள்ள வேண்டிய இடத்தை நகத்தால் கீறிக் காட்டினாராம். பூவான சரக்குக்கும் அன்று அவர் விலை குறைக்கவில்லை என்பதை அண்ணன் இன்றும் சொல்வார்.

அடுத்த கிள்ளலில் கொஞ்சத்தை மதினி வீட்டில் கடைந்து வைத்தார். ஒரு வாய் வைத்துவிட்டு அம்மா தண்ணீர்ச் செம்பைத் தேடினார். “மாட்டுக்கு வவுத்துப் பொருமல்னா குடுக்கலாம்,” என்றார் மதினி. ஆனால் முகாமிலோ அதற்கு அடிதடி. விரல்கள் நாளுக்கு நாள் கூடின. ஆகவே அடுத்த ஐப்பசியில், விதைக்கு அண்ணனிடம் ஊரே வந்து நின்றது. சோளம் போடும் கொல்லைகளைக்கூடத் திருப்பிக் கடுகு போட்டார்கள். சோளத்தைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். கடுகுக்குக் கையில் காசு. இதில் பேதைமை எதுவும் இல்லை. ஏற்றம் கண்ட எந்த ஊரும் அப்படித்தான் செய்யும்.

அந்தப் பட்டத்தில்தான் மலையடிவாரத்தில் சுடும் பயிற்சி மிகுந்தது. முன்பு மாதம் ஒருமுறை கேட்ட முழக்கம், நாள்தோறும் கேட்டது. ஒவ்வொரு முழக்கத்துக்கும் எங்கள் கிணற்று நீர் நடுங்கி வளையமிடும். கொட்டிலில் மாடு எழுந்து நிற்கும். அம்மா மட்டும் அந்தச் சத்தத்தில் அடுப்பை விட்டு எழுந்து வாசலுக்கு வந்துவிடுவார். எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமல் சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போவார். ஊராருக்கு அந்த ஓசை வேறொன்றைச் சொல்லிற்று. சுடும் நாளில் சிப்பாய்க்குப் பசி அதிகம். முழக்கம் கூடினால் மூட்டையும் கூடும். விடியற்காலையில் முதல் முழக்கம் கேட்டதும் அண்ணன் கூடுதலாக ஒரு வரிசை கிள்ளச் சொல்வார். எதற்காக இவ்வளவு பயிற்சி என்று நான் ஒருமுறை கேட்டேன். “அத அவுக பாத்துக்குவாக,” என்றார் அண்ணன். “நம்ம கீரையப் பாப்போம்.”

இந்நிலையில்தான் தை மாதம் வந்தது. மொழிப் போராட்டம் மூண்டது. எங்கள் கல்லூரி வகுப்புகளை விட்டு வெளியே வந்தது. இந்தியை ஆட்சி மொழியாக எங்கள் தலையில் ஏற்றுவதை எதிர்த்துத் திண்டுக்கல்லில் மாணவர் கூட்டம் ஏற்பாடாயிற்று. பேச வேண்டியவர்களில் முதலாமவன் நான். அந்தச் செய்தி எனக்கு முன்பே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. எனக்குக் கைதட்டிய வணிகர்களில் ஒருவர் அண்ணனைச் சந்தையில் மடக்கி, தம்பியின் வாயைக் கொஞ்சம் கட்டி வை, பட்டாளம் மனம் கோணினால் நமக்கெல்லாம் கேடு என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

கொல்லை வரப்பில் வைத்து அண்ணன் என்னிடம் பேசினார். எங்களைச் சுற்றிலும் கீரை முழங்கால் உயரம் நின்றது. ஊரின் முழுப் பட்டமும் அடுத்த சில நாட்களில் கிள்ளப்பட வேண்டும், தவறினால் முற்றிவிடும். இது எனக்கும் தெரியும்.

“ஏலே, நீ பேச வேணாம்னு நான் சொல்லல. செத்தப் பொறு. கீரை போயிரட்டும், அப்புறம் பேசு.”

“கூட்டம் நாளைக்குண்ணே.”

“பாஷை எங்கிட்டும் ஓடிப் போகாது. கீரை முத்திப் போகும்.”

“அண்ணே, நீங்க அவங்க பாஷையில நாலு வார்த்தை பேசுறத நான் என்னைக்காவது குறை சொல்லியிருக்கேனா? அது நீங்க விரும்பிக் கத்துக்கிட்டது. உங்க சரக்குக்காக. இவங்க நம்ம பிள்ளைகளக் கேக்காமத் திணிக்கிறாங்க. ரெண்டும் ஒண்ணா?”

“ஒண்ணில்லதான்,” என்றார் அண்ணன். என் அண்ணன் நியாயத்தை மறுக்கத் தெரியாதவர். “ஆனா ரெண்டுக்கும் வாசல் ஒண்ணுதானப்பு. அந்த வாசலச் சாத்திட்டா நான் எங்கிட்டுப் போவேன்?”

கூடையோடு வந்த மதினி இதைக் கேட்டுவிட்டார். “ஒருத்தரு இந்தியில கீரை விக்கிறாரு, ஒருத்தரு இந்தி வேணாங்குறாரு. சோறு மட்டும் ஒரே பானையில வேகுது. பானை ஒடையாமப் பாத்துக்கங்க சாமிகளா.”

நான் பேசினேன். பேசாதிருந்தால் அதற்குப் பின் எந்த மேடையிலும் என் நா எழுந்திராது. பட்டாளத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அவர்கள் உத்தரவுக்கு வந்தவர்கள், உத்தரவுக்குப் போகிறவர்கள். ஆட்சியின் கொள்கையைத் தாக்கினேன். காரணம் காட்டித் தாக்கினேன். இன்று அதே மேடை கிடைத்தாலும் அதே உரையைத்தான் நிகழ்த்துவேன். கூட்டம் பெரிது. ஆனால் முன்வரிசையில் மோதிரக் கைகள் இல்லை. தெருவின் இருபுறமும் கடைகள் அடைத்திருந்தன. ஸ்டுடியோவின் சன்னலை மட்டும் அடைக்கும் வழக்கமில்லை. கண்ணாடிக்குப் பின்னிருந்து சட்டமிடப்படாத முகங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் அவற்றுக்கு முதுகைக் காட்டாமல் நின்று பேசினேன்.

அடுத்த வாரம் மாநிலம் கொந்தளித்தது. பல ஊர்களுக்குப் படை வரவழைக்கப்படுகிறது என்று செய்தித்தாள் எழுதியது. எங்கள் முகாமிலிருந்தும் லாரிகள் நகரத்துச் சாலையில் போயின. எங்கே போயின என்பது எவருக்கும் தெரியாது. அன்று காலை அண்ணன் வண்டியோடு போனபோது வாசலில் கம்பி உருளை விரித்திருந்தது. காவலுக்கு நின்றவன் புதியவன். அண்ணன் தனக்குத் தெரிந்த இந்திச் சொற்கள் அனைத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாராம். ஹவில்தாரின் மீசையைக் கையால் வரைந்தும் காட்டினாராம். அவன் தலையை மட்டும் அசைத்தான். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அப்படியே. வெளியாரிடம் எதையும் வாங்குவதில்லை என்று மேலிடத்து உத்தரவு. பெரிய கிடங்கிலிருந்து மூட்டைகள் அவர்களுக்கே வந்து சேர்ந்தன.

திரும்பி வந்த வண்டிகள் எங்கள் வீட்டின் முன்னே நின்றன. அவற்றின் சொந்தக்காரர்களும் நின்றார்கள். எவரும் குரல் உயர்த்தவில்லை. அதுதான் கடினமாக இருந்தது. எங்கள் பங்காளி ஒருவர், நல்ல மனிதர், என்னைப் பாராமலே சொன்னார்:

“தம்பி மேடையில நல்லாத்தான் பேசுச்சாம். ஊரே சொல்லுது. அம்புட்டு வார்த்தையில கீரைக்குன்னு ஒரு வார்த்தை வச்சிருக்கலாம்.”

செய்தித்தாளை விரித்து, இந்தக் கட்டுப்பாடு எங்கள் முகாமுக்கு மட்டும் உரியதன்று, ஒரு மாணவன் பேச்சால் விளைந்ததுமன்று என்று வரிக்கு வரி படித்துக் காட்டினேன். எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள். ஒருவரும் நம்பவில்லை. எங்கோ முகம் தெரியாத ஒருவர் கையொப்பத்தால் தங்கள் கொல்லை அழியக் கூடும் என்பதைக் காட்டிலும், எதிரே நிற்கும் ஒரு பையனால் அழிந்தது என்பது அவர்களுக்கு ஆறுதலாயிருந்தது போலும். அண்ணன் மட்டும் என் சார்பில் ஒரு வாக்கியம் சொன்னார்: “அவன் பேசலன்னாலும் சாத்தியிருப்பாக.” அதைச் சொன்னபோது அவர் நம்பினாரா என்பதை நான் இதுவரை கேட்டதில்லை.

கீரை முற்றியது. திண்டுக்கல் சந்தையில் மூட்டையை அவிழ்த்துக் கிள்ளி மென்று துப்பினார்கள். ஒட்டன்சத்திரத்துக்குக் கொண்டு போனபோது, இதை யாருங்க திம்பாங்க என்று தரகர்கள் மரியாதையோடு சிரித்தார்கள். ஆடுகூட முதல் வரிசையோடு நிறுத்திக்கொண்டது. மாசி பிறந்தபோது மாநிலம் அமைதியடைந்தது. வாசல் திறக்கும் என்று காத்திருந்தோம். கம்பி உருளை எடுக்கப்பட்டது. அதற்குப் பின்னே கூடாரங்களும் எடுக்கப்பட்டன.

அவர்கள் போன காலையில் லாரிகள் எங்கள் ஊர் வழியாகவே சென்றன. ஒன்று எங்கள் கொல்லையருகே வேகம் குறைந்து நின்றது. மீசைக்காரர் இறங்கினார். முற்றிய செடியில் நுனித் தளிராக ஒரு பிடி கிள்ளித் துண்டில் சுற்றிக்கொண்டார். அண்ணன் அருகே போய் எங்கே போகிறீர்கள் என்று அவர்கள் மொழியில் கேட்டார். தனக்கே சொல்லவில்லை என்பது போல் அவர் உதட்டைப் பிதுக்கினார். அண்ணன் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு ஏறிக்கொண்டார். வண்டியின் பின்புறத்தில் உட்கார்ந்திருந்த சிப்பாய்களின் காலடியில் தகரப் பெட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு திண்டுக்கல் பூட்டு தொங்கி ஆடியது.

அந்தக் கோடை ஊருக்குக் கொடியது. கடுகை உழுது மடக்கினோம். முன்பெல்லாம் தானே விளைவித்த சோளத்தை ஊர் கடையில் வாங்கித் தின்றது. என் விடுதிக் கட்டணத்துக்காக மயிலைக் காளை கைமாறியது. நகரத்திலும் உலைகள் ஒவ்வொன்றாக ஆறின. தோல் ஷாப்பில் ஆட்களை நிறுத்தினார்கள். காற்று தூய்மையாயிற்று, அதற்காக மகிழ்ந்தவர் யாரையும் நான் காணவில்லை. ஸ்டுடியோக்காரர் மட்டும், வந்து வாங்காமல் போன படங்களைச் சன்னலிலேயே விட்டுவைத்தார். எடுத்துவிட வேண்டியதுதானே என்றேன். எந்த ஊருக்கு அனுப்புவது, கிழிக்கவும் கை வரவில்லை என்றார்.

ஆவணியில் வடக்கு எல்லையில் போர் மூண்டது.

பஞ்சாயத்து வானொலிக்கு முன்னே அத்தனை பேர் அமர்ந்து நான் பார்த்ததில்லை. ஊர்ப் பெயர்கள் அவர்களுக்குப் புரியவில்லை. ஆகவே நான் எழுந்து நின்று, செய்தித்தாளையும் சேர்த்து விளக்கினேன். டாங்கிப் படைகள் மோதின என்றேன். விமானங்கள் விழுந்தன என்றேன். அப்போது கூட்டத்தில் ஒரு முகமும் வாடவில்லை. அச்சத்தோடு ஏதோ ஓர் ஒளி அவர்கள் கண்ணில் ஏறிற்று. கேட்ட கேள்விகளால்தான் அந்த ஒளி எனக்கு விளங்கியது. சண்டை நீண்டால் புதுப் படை சேர்ப்பார்களா? சேர்த்தால் எங்கே வைத்துப் பழக்குவார்கள்? நம் பொட்டல் இன்னும் காலியாகத்தானே கிடக்கிறது? பூட்டுக் கடைக்காரர்கள் பழைய ஆட்களைக் கூப்பிட்டுப் பேசி வைத்திருப்பதாகவும், முன்னிலும் பெரிய முகாம் வரப்போவதாகவும் சந்தையில் பேச்சு அடிபட்டது. என்னைக் கடிந்த பங்காளியே என் தோளில் கை போட்டு, நல்லா வெவரமாச் சொல்லப்பு என்று கேட்டுக்கொண்டார்.

புரட்டாசியில் எங்கள் ஊர் சோளம் விதைக்கவில்லை. உழுது போட்ட கொல்லைகள் கடுகுக்காக வெறுமையாகக் காத்துக் கிடந்தன. அண்ணன் கிணற்றடி நிலத்தைப் புழுதி பறக்க இரண்டாம் முறை உழுதார். கடன் மாடு. கஞ்சி கொண்டு போன மதினி, கலயத்தை இறக்கி வைத்துவிட்டு, வழக்கமான கேலி இல்லாமல் கேட்டார்:

“அந்த மீசைக்காரரும் அங்கனதான் இருப்பாரு?”

அண்ணன் மேழியைப் பிடித்தபடி நின்றார். “இருப்பாரு,” என்றார்.

“அவருக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு நான் வேண்டிக்கிறேன். நீங்க சண்டை நிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிறீக. சாமி யாரு பேச்சக் கேக்கும்?”

அண்ணன் மாட்டை ஓட்டினார்.

போர் நின்ற செய்தியை நான்தான் ஊருக்குக் கொண்டு வந்தேன். பேருந்திலிருந்து இறங்கும்போதே செய்தித்தாளை உயர்த்திப் பிடித்தபடி இறங்கினேன். நற்செய்தி சொல்பவனுக்குரிய குரலில் சொன்னேன். தேநீர்க் கடை பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாவு விழுந்த வீட்டில் அப்படி ஓர் அமைதியைக் கேட்டிருக்கிறேன். சாவு நின்றதற்கு அப்படி ஓர் அமைதியை அன்றுதான் கேட்டேன். ஒருவர் பாதிக் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனார்.

அண்ணன் என் கையிலிருந்து தாளை வாங்கினார். எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். தலைப்பை மட்டும் விரலால் ஓட்டிப் பார்த்தார்.

“அம்புட்டுத்தானா தம்பி?”

“அம்புட்டுத்தாண்ணே.”

“அப்ப இங்கிட்டு வர மாட்டாகளா?”

வர மாட்டார்கள் என்றேன்.

தாளை நாலாக மடித்து என்னிடம் திருப்பித் தந்துவிட்டு அவர் கொல்லைக்குப் போனார். காலம் தாழ்ந்துதான் அந்த ஆண்டு சோளம் விதைத்தோம். பாதிதான் மணி பிடித்தது. இன்றும் நான் ஊருக்குப் போனால் பேருந்து நிறுத்தத்தில் அண்ணன் வந்து நிற்கிறார். சாப்பாடானதா, உடம்பு எப்படி என்ற விசாரிப்பெல்லாம் பின்னால்தான். பையை வாங்கிக்கொண்டு அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்:

“வடக்க என்ன சேதி?”